அணுப்பொருளுக்குக் காவல் மட்டும் போதுமா? கணக்கை யார் பார்ப்பது?

1992. சோவியத் யூனியன் உடைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் போடோல்ஸ்க் நகரில், லூச் என்ற அணு ஆராய்ச்சி ஆலை. அங்கே பல வருடம் வேலை பார்த்த ஒரு இன்ஜினியருக்கு, விலைவாசி ஏறிய வேகத்தில் சம்பளம் கைக்கும் வாய்க்கும் பத்தவில்லை. வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ், ஒரு அடுப்பு வாங்க வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். அதற்காக அவர் எடுத்துச் சென்றது 90 சதவீதம் செறிவூட்டப்பட்ட யுரேனியம். அதாவது, அணுகுண்டுக்குப் பயன்படும் தரம்.

ஒரேயடியாக எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் 50, 60 கிராம். சில மாதங்களில் அது சுமார் 1.5 கிலோ ஆனது. வீட்டு பால்கனியில் வைத்திருந்தார்.

ஆலையில் யாருமே கவனிக்கவில்லையா? இல்லை. வேலை நடக்கும்போது 3 சதவீதம் வரை பொருள் வீணாகலாம் என்று ஆலையின் கணக்கு அனுமதித்தது. உண்மையில் அவ்வளவு வீணாகாது என்பது அவருக்குத் தெரியும். அந்த இடைவெளிக்குள்ளேயே எடுத்தார். மாதக்கடைசியில் கணக்கு சரியாகவே இருந்தது! கடைசியில் மாட்டியதும் ஆலையின் சாமர்த்தியத்தால் இல்லை. பேட்டரி திருடிய சில தெரிந்தவர்களோடு ரயில் நிலையத்தில் நின்றபோது, அவர்களைப் பிடிக்க வந்த போலீஸ் இவர் பையையும் திறந்து பார்த்தது.

அணுசக்திப் பாதுகாப்பு என்றதும் நமக்குக் கண்முன் வருவது துப்பாக்கி ஏந்திய காவலர், மின்வேலி, மெட்டல் டிடெக்டர். போடோல்ஸ்கில் வேலியைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை. உள்ளே இருந்தவர்தான் வெளியே கொண்டுபோனார். அதைப் பிடித்திருக்க வேண்டியது கணக்குப் புத்தகம்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போது பழைய ரஷ்யக் கதையாக மட்டும் இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தை ரத்து செய்து, அணுமின் துறையைத் தனியார் நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. அப்படியென்றால் அணுப்பொருள் இருக்கும் கைகள் அதிகமாகும். அதை எப்படி எண்ணுவது, யார் எண்ணுவது, எண்ணியது சரியா என்று யார் பார்ப்பது?

எவ்வளவு பொருள் பற்றிப் பேசுகிறோம்?

சட்டத்தின் பார்வையில் அணுப்பொருள் என்றால் முக்கியமாக யுரேனியம், புளூட்டோனியம், தோரியம். புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட், தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதிக்கும் இரிடியம் போன்றவை கதிரியக்க மூலங்கள். இரண்டுக்கும் விதிகள் வேறு வேறு. குண்டு செய்ய உதவுவது முதல் வகை மட்டும்தான்.

ஒரு அணுகுண்டு செய்யும் வாய்ப்பை மறுக்க முடியாத அளவு எது என்பதற்கு சர்வதேச அணுசக்தி முகமை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புளூட்டோனியம் என்றால் 8 கிலோ. உயர் செறிவூட்டப்பட்ட யுரேனியம் என்றால், அதில் உள்ள யுரேனியம் 235 மட்டும் 25 கிலோ. பூமியில் இருந்து தோண்டி எடுத்த இயற்கை யுரேனியம் என்றால் 10 டன். எட்டு கிலோ புளூட்டோனியம் உலோகமாக இருந்தால், அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்குள் அடங்கிவிடும்.

அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு கிடையாது. உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் வகைப்பாட்டில், புதிய புளூட்டோனியம் 2 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகை. 500 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள் என்றால் இரண்டாம் வகை. 15 கிராமுக்கு மேல் இருந்தாலே மூன்றாம் வகை. வகை ஏற ஏற காவலும் கூடும், கணக்கின் இறுக்கமும் கூடும்.

கணக்கு எப்படி எடுக்கிறார்கள்?

கூடங்குளத்தில் இது ஒப்பீட்டளவில் சுலபம். அங்குள்ள 1,000 மெகாவாட் உலை ஒவ்வொன்றிலும் 163 எரிபொருள் தொகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. உலையை நிறுத்தித் திறந்தால்தான் மாற்ற முடியும். எண்ணிப் பார்த்தால் போதும். மளிகைக் கடையில் அரிசி மூட்டையை எண்ணுவது மாதிரி.

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் வேறு மாதிரி. கனநீர் உலையில் 306 குழாய்கள், குழாய்க்கு 12 எரிபொருள் கட்டுகள், மொத்தம் 3,672. உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை ஒரு பக்கம் தள்ளி, பழையதை மறுபக்கம் எடுப்பார்கள். எண்ண வேண்டியது அதிகம், எண்ணும்போதே நகர்ந்துகொண்டும் இருக்கும். ஆனாலும் இதுவும் மூட்டைதான்.

உண்மையான தலைவலி, மூட்டையைப் பிரித்து மாவாக்கும் இடத்தில். எரிபொருள் தயாரிக்கும் ஆலையில் யுரேனியம் பொடியாக இருக்கும். பயன்படுத்திய எரிபொருளில் இருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலையில் எல்லாமே அமிலத்தில் கரைந்த திரவம். எண்ண முடியாது, அளக்கத்தான் முடியும். எந்த அளவீட்டிலும் சிறு பிழை இருக்கும். குழாயின் உள்சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டியில் கொஞ்சம் தங்கும், கழிவோடு கொஞ்சம் போகும்.

அதனால் ஆலையைப் பல கணக்குப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஆரம்ப இருப்பு, உள்ளே வந்தது, வெளியே போனது, கடைசி இருப்பு. குறிப்பிட்ட இடைவெளியில் வேலையை நிறுத்தி நேரடியாக அளந்து பார்ப்பார்கள். புத்தகத்தில் இருக்க வேண்டியதற்கும் கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பெயர், கணக்கில் வராத பொருள். அலுவலகத்தில் மாதக்கடைசி ரீகன்சிலியேஷன் செய்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே பூஜ்ஜியம் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உண்மையாக அளந்தால் கொஞ்சமாவது கூடக் குறைய வரும்.

எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வருடத்துக்கு 800 கிலோ புளூட்டோனியம் கையாளும் ஒரு ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் பிழை இயல்புதானே என்று விதி எழுதினால், அந்த ஒரு சதவீதமே 8 கிலோ. ஒரு குண்டு!

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. ஜப்பானின் டோக்காய் மறுபதப்படுத்தும் ஆலையில், 25 வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது 206 கிலோ புளூட்டோனியம் இடிக்கிறது என்று 2003 ஜனவரியில் அந்நாட்டு அரசு சொன்னது. திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. கழிவில் போனது, இயல்பாகச் சிதைந்தது எல்லாவற்றையும் கழித்து சில மாதங்களில் அந்த எண்ணை 59 கிலோவாகக் குறைத்தார்கள். ஒரு வரியில் 'அளவீட்டுப் பிழை' என்று விளக்கிவிட முடிகிற அளவுக்கு அந்த இடைவெளி பெரிதாக இருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

கணக்கு ஒழுங்காக இருந்தால் திருடனை மட்டும் இல்லை, ஓட்டையையும் காட்டிக்கொடுக்கும். பிரிட்டனின் செல்லாஃபீல்டில் உள்ள தோர்ப் ஆலையில், ஒரு குழாய் உடைந்து 83 கன மீட்டர் அமிலக் கரைசல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருந்தது. அதில் சுமார் 20 டன் யுரேனியம், 160 கிலோ புளூட்டோனியம். யாருக்கும் தெரியவில்லை. கணக்கு இடிக்கிறதே என்று 2005 ஏப்ரலில் கேமராவை இறக்கிப் பார்த்தபோதுதான் கீழே குளமாக நின்றது தெரிந்தது. நல்லவேளை, கசிந்த கரைசல் கான்கிரீட் அறைக்குள்ளேயே தங்கியிருந்தது.

அதுதான் சர்வதேச முகமை இருக்கிறதே?

நிறையப் பேர் குழம்பும் இடம் இது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் கேமரா பொருத்துகிறார்கள், சீல் வைக்கிறார்கள், இருப்பைச் சரிபார்க்கிறார்கள். உண்மை. ஆனால் அவர்கள் பார்ப்பது, ஒரு நாட்டு அரசு மின்சாரத்துக்கு என்று சொல்லி வாங்கிய பொருளை ஆயுதத்துக்குத் திருப்புகிறதா என்பதை. அரசிடம் இருந்து யாராவது திருடுகிறார்களா என்பதைத் தடுப்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு.

அணுப்பொருள் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. இந்தியா 2002ல் அதில் சேர்ந்தது. அதை வலுப்படுத்திய 2005ஆம் ஆண்டின் திருத்தத்துக்கு 2007ல் ஒப்புதல் தந்தது. 2016ல் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நாடு முதலில் சட்டம் இயற்ற வேண்டும், பொறுப்பான ஒரு அமைப்பை நியமிக்க வேண்டும், உரிமம் தர வேண்டும், மீறினால் தண்டிக்க வேண்டும். இதையெல்லாம் வெளியில் இருந்து யாரும் வந்து செய்து தர மாட்டார்கள்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2006ல் அமெரிக்காவுடன் பேசி வகுத்த பிரிப்புத் திட்டத்தின்படி, 22 அனல் உலைகளில் 14 மட்டும் சர்வதேசக் கண்காணிப்புக்குள் வருவதாக ஒப்புக்கொண்டோம். கூடங்குளம் கண்காணிப்புக்குள் இருக்கிறது. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளும், புளூட்டோனிய எரிபொருளில் இயங்கும் வகையில் கட்டப்பட்ட அதிவேக ஈனுலையும் வெளியே. ராணுவத் தேவைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது இந்தியாவின் நிலைப்பாடு. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் அந்த இடங்களில் வெளிநாட்டுக் கண் ஒன்றும் இல்லை என்றால், உள்நாட்டுக் கணக்குதான் ஒரே கணக்கு.

இத்தனை நாள் அந்தக் கணக்கைப் பார்த்தது யார்?

சுருக்கமாகச் சொன்னால், அணுசக்தித் துறையே. உலைகளை நடத்தும் இந்திய அணுமின் கழகம் அந்தத் துறையின் கீழ். பொருள் கணக்கை ஒருங்கிணைக்கும் பிரிவும் அந்தத் துறைக்குள். 1983ல் உருவான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒரு அரசாணையால் பிறந்தது, நாடாளுமன்றச் சட்டத்தால் இல்லை. அது பதில் சொல்வது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவர் யார்? அணுசக்தித் துறையின் செயலாளர். பாபா அணு ஆராய்ச்சி மையம் 2000ஆம் ஆண்டு முதல் வாரியத்தின் வரம்புக்கே வெளியே.

ஃபைனான்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆடிட்டரின் சம்பளத்தையும் பதவி உயர்வையும் சிஎஃப்ஓ முடிவு செய்தால், அந்த ஆடிட் எப்படி இருக்கும்?

நேர்மையற்றவர்கள் என்று யாரையும் சொல்லவில்லை. இந்தியாவின் உலைகளில் இருந்து குண்டு தரப் பொருள் திருடு போனதாக வெளிவந்த சம்பவமும் இல்லை. ஆனால் அமைப்பு முறை பற்றிய எச்சரிக்கை பல தடவை வந்துவிட்டது. 2012ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வாரியத்துக்கு விதிகளை வகுக்கும் சட்ட அதிகாரமே இல்லை என்று சுட்டிக்காட்டியது. நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே மையங்களில் 91 சதவீதம் வாரியத்தில் பதிவே ஆகவில்லை என்றும் சொன்னது. 2015ல் இந்தியாவின் அழைப்பில் வந்த சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே உறுதி செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. இதற்கிடையில், ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2011ல் கொண்டுவந்த தனி ஒழுங்குமுறை ஆணைய மசோதா, 2014ல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது.

சாந்தி சட்டம் வாரியத்துக்கு முதல் முறையாகச் சட்ட அந்தஸ்து தந்திருக்கிறது. இது உண்மையான முன்னேற்றம், மறுக்க முடியாது. ஆனால் சட்ட அந்தஸ்து வேறு, துறையின் நிழலில் இருந்து வெளியே வருவது வேறு. வாரியம் எந்த அளவுக்குச் சுதந்திரமாக இருக்கும் என்ற கேள்வி, மசோதா வந்தபோதே நாடாளுமன்றத்தில் எழுந்தது.

தனியார் வந்தால் என்ன மாறும்?

செறிவூட்டல், பயன்படுத்திய எரிபொருளை மறுபதப்படுத்துதல் போன்ற ஆபத்தான வேலைகளைப் புதிய சட்டம் மத்திய அரசின் கையிலேயே வைத்திருக்கிறது. நல்ல முடிவு, ஏனென்றால் பொடியும் திரவமும் இருக்கும் இடம் அதுதான். தனியார் மின் நிலையத்தில் இருக்கப்போவது பெரும்பாலும் எண்ணக்கூடிய மூட்டைகள். ஆனாலும் இப்போதுள்ள சுமார் 9 ஜிகாவாட்டை 2047க்குள் 100 ஜிகாவாட் ஆக்குவது அரசின் இலக்கு. இலக்கில் பாதி நடந்தாலும், எரிபொருள் ஏறி இறங்கும் இடங்களும் அது பயணிக்கும் சாலைகளும் பல மடங்கு ஆகும்.

இதில் அமெரிக்கா ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறது. 1950களில் தனியாரை உள்ளே விட்டபோது அங்கே ஒரு எளிய நம்பிக்கை இருந்தது. இந்தப் பொருள் தங்கத்தைவிட விலை அதிகம், தொலைத்தால் காசு கட்ட வேண்டும், அதனால் நிறுவனங்கள் தாமாகவே பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்று. பென்சில்வேனியாவின் அப்பல்லோ என்ற ஊரில் இருந்த நூமெக் ஆலையில் 1965ல் கணக்கெடுத்தபோது, 90 கிலோவுக்கு மேல் உயர் செறிவூட்டப்பட்ட யுரேனியம் கணக்கில் இல்லை. நிறுவனம் அதற்கான விலையைக் கட்டியது. பொருள் எங்கே? வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்று ஒரு தரப்பு, ஆலைக்குள்ளேயே வீணானது என்று இன்னொரு தரப்பு. பின்னாளில் ஆலையைக் கலைத்தபோது தரையிலும் குழாயிலும் கணிசமான யுரேனியம் சிக்கியிருந்தது. முழுப் பதில் இன்று வரை கிடைக்கவில்லை. திருட்டா, அழுக்கா என்றுகூடச் சொல்ல முடியாத கணக்கு அது. அமெரிக்காவின் விதிகள் இறுகத் தொடங்கியது அதன் பிறகுதான்.

காவல் பக்கத்தில் என்ன கவலை?

அணு நிலையங்களைக் காப்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. 2014 அக்டோபர் 8 அன்று, கல்பாக்கத்தில் அந்தப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் தன் சக வீரர்கள் மூவரைச் சுட்டுக்கொன்றார். அணுப்பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவரின் மனநிலையைத் தொடர்ந்து கவனிப்பது பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை அது வலிக்க வலிக்கச் சொன்னது. முக்கியமான அறைக்குள் ஒருவர் தனியாகப் போகக் கூடாது, இருவர் சேர்ந்தே போக வேண்டும் என்ற விதி உலகம் முழுக்க இருப்பதும் இதனால்தான்.

2019ல் கூடங்குளத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு மால்வேர் புகுந்தது. முதலில் மறுப்பு. அடுத்த நாள், ஆமாம், நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் இருந்தது, உலையை இயக்கும் சிஸ்டம் தனி என்று இந்திய அணுமின் கழகம் உறுதி செய்தது. உலை பத்திரம், சரி. ஆனால் பொருள் கணக்கு எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? திருடன் பொருளைத் தொடும் முன்பே கணக்கைத் திருத்த முடிந்தால், மேலே சொன்ன ரீகன்சிலியேஷன் எல்லாம் வீண். கணக்கு சர்வரையும் உலை சர்வரைப் போலவே பாதுகாக்க வேண்டும்.

டெல்லி குப்பைக்கடையில் நடந்தது

2010ல் மேற்கு டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் சிலருக்குத் தோல் கருகியது, முடி கொட்டியது. ஒருவர் இறந்தார். காரணம், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை ஏலத்தில் விட்ட ஒரு பழைய கருவி. உள்ளே கோபால்ட் 60. 1985ல் இருந்து யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. முறையாகத் திருப்பி ஒப்படைக்காமல், பழைய சாமான்களோடு சேர்த்து விற்றுவிட்டார்கள். பிரித்தெடுத்த தொழிலாளிகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

கோபால்ட் குண்டுப் பொருள் இல்லைதான். ஆனால் 25 வருடம் ஒரு பொருள் மூலையில் கிடந்தால், அது இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் ஆள் வேண்டும். பேப்பரில் மட்டும் இருக்கும் கணக்கு அதைச் செய்யாது. அதற்குப் பிறகு கதிரியக்க மூலங்களின் உரிமம், வாங்குவது, மாற்றுவது எல்லாவற்றையும் வாரியம் ஆன்லைனுக்குக் கொண்டுவந்தது.

நல்ல கணக்கு இன்னொரு விதத்திலும் உதவும். 2021 மே மாதம் மும்பையில் 7 கிலோ யுரேனியம் பிடிபட்டது, பாபா மையம் அதை இயற்கை யுரேனியம் என்று உறுதி செய்தது. அடுத்த மாதமே ஜார்க்கண்டில் 6 கிலோவுக்கு மேல் பிடித்ததாக போலீஸ் சொன்னது, சோதித்தால் அது யுரேனியமே இல்லை. 7 கிலோ இயற்கை யுரேனியத்தால் குண்டு செய்ய முடியாது, 10 டன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இப்படி ஒன்று பிடிபட்டதும் 'எங்கள் எந்தக் கணக்கிலும் குறையவில்லை' என்றோ, 'இந்த ஆலையின் இந்தத் தொகுதி' என்றோ சில நாட்களில் சொல்லும் நாட்டுக்கும், சொல்ல முடியாத நாட்டுக்கும் வித்தியாசம் உண்டு.

விதிகளில் எதைத் தேட வேண்டும்?

சட்டம் ஒரு சட்டகம்தான், வேலை செய்யப்போவது அதன் கீழ் வரும் விதிகளும் உரிம நிபந்தனைகளும். அவற்றில் எல்லாமே பொதுவெளிக்கு வராது. எந்த அறையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை காவலர் என்பதெல்லாம் ரகசியமாக இருப்பதுதான் நியாயம். ஆனால் ஆடிட் எத்தனை தடவை நடக்கிறது, எவ்வளவு வித்தியாசம் வந்தால் ஆலையை நிறுத்த வேண்டும், அதை எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் கணக்கில் வராத பொருளின் அளவையே பல வருடங்கள் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தார்கள்.

வரைவு விதிகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்பது 2014ல் மத்திய அரசே வகுத்த கொள்கை. அப்படி ஒரு வரைவு கையில் கிடைத்தால், காவலைப் பற்றிய பக்கங்களைத் தாண்டி இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, ஆலையின் கணக்கு அதிகாரி யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார்: உற்பத்தி இலக்கை எட்ட வேண்டிய மேலாளருக்கா, அவரைத் தாண்டி நேரே வாரியத்துக்கா? இன்னொன்று, அனுமதிக்கப்பட்ட இழப்பு என்ற அந்த ஒற்றை எண். போடோல்ஸ்கில் அது 3 சதவீதமாக இருந்தது.